ஈபிவி ஐஜிஜி பாசிட்டிவ்: அசதிக்குக் காரணம் கிடைத்துவிட்டதா?

#1 ஊர்_லேப்

தீராத அசதி என்று வருகிறவர்களுக்குத் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 ஆகியவற்றோடு எப்ஸ்டீன்-பார் வைரஸ் (ஈபிவி) ஆன்டிபாடியையும் சேர்த்து எழுதி அனுப்புவது கூடிவருகிறது. சீட்டில் பெரும்பாலும் ஒற்றை வரிதான்: "ஈபிவி ஐஜிஜி", அதாவது இந்த வைரஸுக்கு எதிராக நீண்டகாலம் நிற்கும் ஆன்டிபாடி வகை. முடிவு பாசிட்டிவ் என்று போகிறது. வாங்கிப் பார்ப்பவர் "இந்த வைரஸ்தான் என்னை முடக்கியிருக்கிறதா? இதற்கு மருந்து என்ன?" என்று கேட்கிறார்.

மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவும்படி நான்கு விஷயங்களை இங்கே பேசலாம். எந்தெந்த ஆன்டிபாடியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், எந்த நாளில் ரத்தம் எடுக்க வேண்டும், எலிசாவில் (ஆன்டிபாடியை நிறமாற்றத்தால் அளக்கும் பிளேட் சோதனை) எங்கே சறுக்கும், ரிப்போர்ட்டில் என்ன எழுதித் தர வேண்டும். தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

#2 சீரம்_மேசை

முதலில் அந்த ஒற்றை வரியைப் பற்றி. வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸ் ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. "போயிருக்கிறது" என்பதும் சரியான சொல் இல்லை. அது பி அணுக்கள் என்ற வெள்ளணுக்களில் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். நம் ஊரில் பெரும்பாலோருக்குப் பள்ளி சேரும் வயதுக்குள்ளேயே சாதாரணச் சளிக்காய்ச்சல் போல வந்து தொற்றிவிடுகிறது. ஆகவே 35 வயதுக்காரருக்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்றால், எப்போதோ தொற்றியது என்று மட்டும்தான் சொல்லலாம். போன மாதமா, மூன்று வயதிலா என்று அந்த வரி சொல்லாது.

காலத்தைச் சொல்வது மூன்றின் கூட்டணி: விசிஏ ஐஜிஎம், விசிஏ ஐஜிஜி, ஈபிஎன்ஏ ஐஜிஜி. ஐஜிஎம் என்பது தொற்றின் ஆரம்பத்தில் எழும்பும் ஆன்டிபாடி வகை. விசிஏ என்பது வைரஸின் வெளிக்கூட்டுப் புரதம். ஈபிஎன்ஏ என்பது தொற்றிய அணுவின் உட்கருவில் வைரஸ் உண்டாக்கும் புரதம். விசிஏ-வுக்கு எதிரான ஐஜிஎம் நோய் தொடங்கும்போதே எழும்பி, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்குச் சில மாதம் இழுக்கும். விசிஏ ஐஜிஜி-யும் ஆரம்பத்திலேயே வரும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் உச்சம் தொட்டு, கொஞ்சம் இறங்கி, ஆயுளுக்கும் நிற்கும். ஈபிஎன்ஏ ஐஜிஜி மட்டும் தாமதமாக, இரண்டு முதல் நான்கு மாதம் கழித்து வந்து, அதன்பின் நிலைக்கும்.

இந்தத் தாமதம்தான் நமக்குக் கைவிளக்கு. விசிஏ ஐஜிஎம் இருந்து ஈபிஎன்ஏ இல்லை என்றால் புதுத் தொற்று. ஐஜிஎம் இல்லாமல் விசிஏ ஐஜிஜி, ஈபிஎன்ஏ இரண்டும் இருந்தால் பழைய தொற்று. மூன்றும் இல்லை என்றால் இதுவரை தொற்றவே இல்லை. அசதி தொடங்கி மூன்றே வாரம் ஆனவருக்கு ஈபிஎன்ஏ நல்ல உயரத்தில் இருந்தால், அந்த அசதியை ஈபிவி-யின் முதல் தொற்றுமேல் போட முடியாது. ஒரே ஒரு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால்கூட, அசதிக்காரருக்கு விசிஏ ஐஜிஜி-யை விட ஈபிஎன்ஏ அதிகம் பேசும்.

#3 வார்டு_டாக்டர்

மேலே சொன்னதற்கு ஒரு நிபந்தனை: நாள் கணக்குத் தெரியாமல் இந்த மூன்றையும் படிக்க முடியாது. வைரஸ் உள்ளே போய் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் தொண்டைவலியும் காய்ச்சலும் தொடங்கும். சீட்டில் "அசதி" என்று மட்டும் எழுதாமல் "காய்ச்சல் தொடங்கி 9-ஆம் நாள்" என்று எழுதினால் ஆய்வகத்துக்குப் பாதி வேலை குறையும். ரத்தம் எடுக்கிறவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம், அரை நிமிட வேலை.

யாருக்குக் கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். பதின்வயதிலோ இருபதுகளிலோ இருப்பவர்; தொண்டையில் வெள்ளைப்படலம், கழுத்தின் பின்பக்கம் நெறிகட்டு, காய்ச்சல், அடித்துப்போட்ட அசதி. அவருக்கு இந்தப் பேனல் பொருத்தம். முதலில் ரத்த அணுக் கணக்கைப் பாருங்கள். வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட், அதோடு உருமாறிய லிம்போசைட் பத்து சதவீதத்துக்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கும். கருவி சொல்வதோடு நிற்காமல் ஸ்மியரை (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத் துளியை) நுண்ணோக்கியில் கண்ணால் பாருங்கள். அணு பெரிதாக, சைட்டோபிளாசம் வெளிர்நீலமாக, பக்கத்துச் சிவப்பணுக்களைச் சுற்றி அணைத்தபடி விளிம்பு மட்டும் கருநீலமாகத் தெரியும். கல்லீரல் நொதியான ஏஎல்டி-யும் பெரும்பாலும் ஏறியிருக்கும்.

காய்ச்சலோ தொண்டைவலியோ இல்லாமல் ஆறு மாதமாக அசதி மட்டும் என்றால் ஈபிவி வரிசையின் கடைசியில்தான் வர வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய், தூக்கம், மனச்சோர்வு எல்லாம் அதற்கு முன்னால்.

#4 ஊர்_லேப்

கார்டு டெஸ்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள். மோனோ (ஈபிவி முதன்முறை தொற்றும்போது வரும் தொண்டைவலிக் காய்ச்சல்) ரேப்பிட் என்று வரும் கார்டு பத்து நிமிடத்தில் கோடு காட்டிவிடுகிறது. சின்ன ஆய்வகத்தில் எலிசா பிளேட் போட ஆள் சேரும்வரை சாம்பிளை வைத்திருக்க முடியாது. கார்டில் நெகட்டிவ் வந்தால் ஈபிவி இல்லை என்று எழுதலாமா?

#5 சீரம்_மேசை

எழுதக் கூடாது. அந்தக் கார்டு ஈபிவி-யின் ஆன்டிபாடியைப் பார்ப்பதே இல்லை. 1932-இல் பால், பன்னெல் என்ற இரு மருத்துவர்கள், இந்தக் காய்ச்சல் வந்தவர்களின் சீரம் செம்மறியாட்டின் சிவப்பணுக்களைத் திரளவைக்கிறது என்று கண்டார்கள். அதற்குக் காரணமான ஹெட்டரோஃபைல் ஆன்டிபாடியைத்தான் இன்றைய கார்டும் தேடுகிறது. ஆட்டு அணுவுக்குப் பதில், கூடுதல் உணர்திறனுள்ள குதிரை அணுவின் ஆன்டிஜென் வந்தது, அவ்வளவுதான். வைரஸே 1964-இல்தான் எப்ஸ்டீன், அச்சாங், பார் மூவரின் கண்ணில் பட்டது. உகாண்டாவிலிருந்து லண்டனுக்கு வந்த பர்கிட் கட்டி என்ற புற்றுக்கட்டியின் அணுக்களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தார்கள். அந்த வைரஸையும் இந்தக் காய்ச்சலையும் முடிச்சுப் போட்டது 1968-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஹென்லே தம்பதி. வைரஸ் தெரிவதற்கு 32 வருடம் முன்பே பிறந்த சோதனை இது.

நோயின் முதல் வாரத்தில் நாலில் ஒருவருக்கு இது பொய் நெகட்டிவ் தரும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் தவறு குறையும். மறுபக்கம் மலேரியா, எச்ஐவி, கல்லீரல் அழற்சி, லிம்போமா ஆகியவற்றில் பொய் பாசிட்டிவ் வருவதும் உண்டு. ஒருமுறை எழும்பிய ஹெட்டரோஃபைல் சிலருக்கு ஒரு வருடம்வரை நிற்கும் என்பதால், பாசிட்டிவ் கோடும் "இப்போது" என்று உறுதி சொல்லாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பொதுப் பயன்பாட்டுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

#6 வார்டு_டாக்டர்

இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். 18 வயதுப் பையன், பத்தாம் நாள், தொண்டைப்படலம், உருமாறிய லிம்போசைட் 20 சதவீதம். இவருக்குக் கார்டு பாசிட்டிவ் வந்தால் அதுவே போதும். எலிசாவுக்கு மூன்று நாள் காத்திருந்து சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. அன்றே தெரிந்தால் இரண்டு நன்மை உண்டு. தேவையில்லாத அமாக்சிசிலினை நிறுத்தலாம்; இந்தக் காய்ச்சலில் அதைக் கொடுத்தால் உடம்பெங்கும் தடிப்பு எழும்ப வாய்ப்பு அதிகம், பிறகு காலத்துக்கும் "பென்சிலின் அலர்ஜி" என்ற முத்திரை ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, மண்ணீரல் வீங்கியிருக்கும் என்பதால் கபடி, கால்பந்து, பளு தூக்குதல் எல்லாவற்றையும் குறைந்தது மூன்று வாரம் நிறுத்தச் சொல்லலாம்.

கார்டின் பாசிட்டிவை நோயாளியோடு சேர்த்துப் படித்தால் பயன்படும். நெகட்டிவை மட்டும் நம்பக் கூடாது.

#7 குழந்தைநலம்

குழந்தைகளுக்கு அந்த அளவுகூட ஒத்துக்கொள்ள மாட்டேன். நான்கு வயதுக்குக் கீழே ஹெட்டரோஃபைல் பெரும்பாலும் எழும்புவதே இல்லை. கார்டு போடுவது காசுக்குக் கேடு. நேராக விசிஏ, ஈபிஎன்ஏ போங்கள்.

இன்னொன்று: பிறந்து ஆறு மாதத்துக்குள், சில குழந்தைகளுக்கு ஒரு வயதுவரைகூட, ஐஜிஜி தாயிடமிருந்து வந்ததாக இருக்கும். அங்கே ஐஜிஜி-யை வைத்து எதையும் சொல்லக் கூடாது. எந்த வயதிலும் இதே சிக்கல் இம்யூனோகுளோபுலின் ஏற்றியவர்களுக்கு வரும். கவாசாகி நோய்க்காக ஏற்றிய குழந்தைக்கு அடுத்த வாரம் பார்த்தால் விசிஏ, ஈபிஎன்ஏ இரண்டும் ஜோராகப் பாசிட்டிவ் காட்டும், ஆனால் அது ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் ஆன்டிபாடி. ஏற்றுவதற்கு முன்பே ஒரு குழாய் எடுத்து வைத்துவிடுவது நல்லது.

#8 எலிசா_வாஷர்

மேசை வேலையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பாதிப் பொய் முடிவுகள் பிறப்பது அங்கேதான்.

ரத்தம் 3 முதல் 5 மில்லி, மஞ்சள் மூடி ஜெல் குழாய். மெதுவாக ஐந்து முறை கவிழ்த்துத் திருப்பி, நிமிர்த்தி 30 நிமிடம் உறைய விடுங்கள். ரத்தம் நீர்க்கும் மருந்து எடுப்பவருக்கு இன்னும் நேரம் ஆகும். உறையாமல் சுற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் நூல் மிதக்கும். அது பைப்பெட் முனையை அடைத்து, 10 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் 6 எடுக்கும். சுற்றுவது 1,000 முதல் 1,300 ஜி (மையவிலக்கு விசையின் அளவு), 10 நிமிடம். ஆர்பிஎம்-மை மனப்பாடமாக வைக்காதீர்கள், ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்து மாறும். ஆரம் 15 சென்டிமீட்டர் என்றால் 1,200 ஜி-க்குச் சுமார் 2,700 ஆர்பிஎம். சீரம் 2 முதல் 8 டிகிரியில் கிட் தாள் சொல்லும் நாள்வரை நிற்கும், பெரும்பாலான தாள்களில் ஒரு வாரம் அளவு. அதற்கு மேல் மைனஸ் 20. உறையவைத்து, இளக்கி, மறுபடி உறையவைத்த சீரத்தில் முதலில் அடிபடுவது ஐஜிஎம். இளக்கியதைக் கலக்காமல் மேலாக எடுத்தாலும் தவறு. புரதம் அடியில் படிந்திருக்கும்.

பிளேட்: நிறைய கிட்டில் நீர்ப்பு 1:101. அதாவது 10 மைக்ரோலிட்டர் சீரம், 1 மில்லி பஃபர். கிணற்றுக்கு 100 மைக்ரோலிட்டர், அறைச் சூட்டில் 30 நிமிடம், கழுவல், கான்ஜுகேட் (நொதி ஒட்டிய ஆன்டிபாடி) 100, மறுபடி 30 நிமிடம், கழுவல், டிஎம்பி (நிறம் தரும் கரைசல்) 100, வெளிச்சம் படாமல் 15 நிமிடம், நிறுத்துக் கரைசல் 100, பிறகு 450 நானோமீட்டரில் வாசிப்பு. உங்கள் கிட் தாளில் வேறு எண் இருந்தால் தாள்தான் சட்டம்.

சறுக்கும் இடங்கள். கழுவும்போது 300 மைக்ரோலிட்டர் நிரப்பி, அரை நிமிடமாவது நிற்கவிட்டு எடுங்கள், மூன்று முறை. கடைசியில் பிளேட்டைக் கவிழ்த்து உறிஞ்சு தாளில் தட்டும்போது ஈரம் தங்கினால் எல்லாக் கிணறும் மஞ்சளாகும். வாஷரின் ஒரு ஊசி அடைத்தால் ஒரே வரிசை முழுக்கப் பாசிட்டிவ் வரும். எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தால் ஊரில் கொள்ளைநோய் என்று நினைக்குமுன் ஊசியைப் பாருங்கள். பஃபர் கெடாமல் இருக்க சோடியம் அசைடு சேர்த்தால் கான்ஜுகேட்டில் உள்ள பெராக்சிடேஸ் நொதி செத்துவிடும், பிளேட் முழுக்க வெளிறும். டிஎம்பி பாட்டிலிலேயே நீலம் தட்டியிருந்தால் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டை அரை மணி நேரம் வெளியே வைக்காமல் தொடங்கினால் ஓரக் கிணறுகள் முதலில் சூடேறி நடுக்கிணற்றைவிட அதிகமாகக் காட்டும்.

#9 சீரம்_மேசை

> பாதிப் பொய் முடிவுகள் பிறப்பது அங்கேதான்

மீதிப் பாதி ஐஜிஎம்-மின் குணம். ருமட்டாய்டு ஃபேக்டர் என்பதே ஒரு ஐஜிஎம், அது ஐஜிஜி-யைப் பிடிக்கும். விசிஏ-மீது ஒட்டிய பழைய ஐஜிஜி-யின் முதுகில் அது ஏறி உட்கார்ந்தால், நம் கான்ஜுகேட் அதை "விசிஏ ஐஜிஎம்" என்று எண்ணிவிடும். மாறாக ஐஜிஜி மிக அதிகமாக இருந்தால் இடம் பிடித்துக்கொண்டு உண்மையான ஐஜிஎம்-மை வெளியே தள்ளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மனித ஐஜிஜி-க்கு எதிரான ஆட்டு ஆன்டிபாடி கலந்த உறிஞ்சு பஃபர். ஐஜிஎம் கிட்டோடு தனியாக வரும். சீரத்தை அதில் கலந்து குறைந்தது 10 நிமிடம் வைத்தால் ஐஜிஜி-யும் அதோடு ஒட்டிய ருமட்டாய்டு ஃபேக்டரும் படிந்துவிடும். அதே நீர்ப்பை ஐஜிஜி பிளேட்டிலும் ஊற்றினால் ஐஜிஜி நெகட்டிவ் ஆகிவிடும், ஏனென்றால் அதைத்தான் உறிஞ்சிவிட்டோம். ஐஜிஎம்-முக்கும் ஐஜிஜி-க்கும் தனித்தனி நீர்ப்புக் குழாய் வைத்து, இரண்டுக்கும் வேறு நிறத்தில் குறியிடுங்கள்.

இது போக சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்), பார்வோ பி19, ஹெபடைட்டிஸ் ஏ தொற்றுகளிலும் விசிஏ ஐஜிஎம் எட்டிப்பார்க்கும். குறிப்பாக சிஎம்வி, ஏனென்றால் நோயும் இதே சாயலில் இருக்கும். ஐஜிஎம் மங்கலாக, தொண்டைவலி இல்லாமல் வந்தால் சிஎம்வி ஐஜிஎம்-மையும் சேர்த்துப் போடுங்கள்.

முடி, நகத்துக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் கட்டமைப்பில் ஓடும் கருவிகளில் அது முடிவை மேலேயோ கீழேயோ இழுக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் இதைப் பொதுவாக எச்சரித்திருக்கிறது. எத்தனை மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது கிட் தாளில் இருக்கும்.

#10 ஊர்_லேப்

மிக்க நன்றி. இரண்டு கலவைகள்தான் இன்னும் குழப்பம். ஒன்று, மூன்றுமே பாசிட்டிவ். மற்றது, விசிஏ ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ், ஐஜிஎம்-மும் இல்லை, ஈபிஎன்ஏ-வும் இல்லை. இவற்றுக்கு என்ன எழுதுவது?

#11 சீரம்_மேசை

மூன்றும் பாசிட்டிவ் என்றால் மூன்று வழி உண்டு. முதல் தொற்றின் பின்பகுதி, ஈபிஎன்ஏ இப்போதுதான் ஏறுகிறது, ஐஜிஎம் இன்னும் இறங்கவில்லை. அல்லது பழைய தொற்று, ஐஜிஎம் மட்டும் மேலே சொன்ன காரணத்தால் பொய். அல்லது வேறு நோயின் உலுக்கலில் உள்ளே படுத்திருந்த வைரஸ் கொஞ்சம் தலைதூக்கியது. மூன்றாவதை அசதிக்குக் காரணமாக உடனே பிடித்துக்கொள்ள வேண்டாம். நலமாக இருப்பவர்களுக்கும் எச்சிலில் வைரஸ் அவ்வப்போது வந்துபோகும்.

விசிஏ ஐஜிஜி மட்டும் என்றால் இரண்டு வழி. ஐஜிஎம் சீக்கிரம் அடங்கிப்போய், ஈபிஎன்ஏ இன்னும் வராத இடைக்காலம். அல்லது பழைய தொற்று, ஆனால் ஈபிஎன்ஏ இல்லை. நூற்றில் ஐந்து பேருக்கு ஈபிஎன்ஏ எப்போதுமே எழும்பாது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இருந்ததும் மறையலாம்.

இரண்டு கலவைக்கும் உதவுவது அவிடிட்டி. புது ஐஜிஜி ஆன்டிஜெனைத் தளர்வாகப் பிடிக்கும், மாதங்கள் போகப்போகப் பிடி இறுகும். ஒரே சீரத்தை இரண்டு கிணற்றில் வைத்து, ஒன்றில் மட்டும் யூரியா கரைசல் ஊற்றி 10 நிமிடம் விட்டுக் கழுவினால் தளர்வான ஆன்டிபாடி உதிர்ந்துவிடும். யூரியா கிணற்றின் ஓடியை (கருவி வாசிக்கும் நிற அடர்த்தி எண்ணை) மற்றதின் ஓடியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். பல கிட்டில் 40-க்குக் கீழே புதுத் தொற்று, 60-க்கு மேலே பழையது, நடுவில் முடிவு சொல்ல முடியாது. எடுத்துக்காட்டாக 1.60 ஓடி 0.40-ஆக இறங்கினால் 25, இது புதுசு. 1.60 1.36-ஆக நின்றால் 85. இது பழைய ஆள். ஆனால் யூரியா இல்லாத கிணற்றின் ஓடி கிட் சொல்லும் குறைந்த அளவுக்குக் கீழே இருந்தால் சதவீதமே போடக் கூடாது, சின்ன எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்த குப்பை அது.

அவிடிட்டி வசதி இல்லை என்றால் நான்கு வாரம் கழித்து இன்னொரு சாம்பிள். முதல் சாம்பிளின் மிச்சத்தையும் இரண்டாவதையும் ஒரே பிளேட்டில், அடுத்தடுத்த கிணற்றில் போடுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். அந்த இடைவெளியில் ஈபிஎன்ஏ புதிதாக முளைத்தால் விடை கிடைத்துவிட்டது.

#12 எலிசா_வாஷர்

எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "என் ஐஜிஜி 600-க்கு மேல், பக்கத்து வீட்டாருக்கு 90, எனக்குத்தான் நோய் கடுமையா?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அது கருவியின் மேல்வரம்பு மட்டுமே. ஒரு கிட்டில் விகிதம் 1.1-க்கு மேல் பாசிட்டிவ், இன்னொன்றில் யூனிட் 20-க்கு மேல் பாசிட்டிவ். ஒரு கிட்டின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட வழியே இல்லை. எண்ணின் உயரம் நோயின் கடுமையையும் சொல்லாது, எத்தனை நாளில் சரியாகும் என்றும் சொல்லாது.

#13 குழந்தைநலம்

சில பேனலில் ஈஏ (வைரஸ் பெருகத் தொடங்கும்போது உண்டாக்கும் புரதம்) ஐஜிஜி-யும் இருக்கிறதே? அது இருந்தால் "வைரஸ் வேலை செய்கிறது" என்று சில இடங்களில் எழுதித் தருகிறார்கள். அதன் அடிப்படையில் மாதக்கணக்கில் வைரஸ் மருந்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

#14 வார்டு_டாக்டர்

அப்படி எழுதுவதை நிறுத்த வேண்டும், இதை அழுத்தியே சொல்கிறேன். ஈஏ ஐஜிஜி புதுத்தொற்றில் எழும்பி மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் மறையும், சரி. ஆனால் முழு நலமாக இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது வருடக்கணக்கில் நிற்கும். அதை வைத்து ஒருவரை நோயாளி ஆக்க முடியாது.

இந்தத் தவறு ஏற்கெனவே பெரிய அளவில் நடந்து முடிந்தது. 1984, 85-இல் அமெரிக்காவின் டாஹோ ஏரிப் பகுதியில் நீண்ட அசதியோடு பலர் வந்தார்கள். ஈபிவி ஆன்டிபாடி உயர்ந்திருக்கிறது என்று "நாள்பட்ட ஈபிவி நோய்" என்ற பெயரும் வந்துவிட்டது. சிடிசி போய்ப் பார்த்து 1987-இல் வெளியிட்டதில், ஒரே சீரத்துக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறியது, ஆன்டிபாடியை வைத்து நோயாளியைத் தனியாகப் பிரிக்கவும் முடியவில்லை. அடுத்த வருடமே அந்தப் பெயரை எடுத்துவிட்டு, காரணத்தைச் சொல்லாத "நாள்பட்ட அயர்ச்சி நோய்க்கூட்டம்" என்ற பெயரை வைத்தார்கள்.

இதனால் ஈபிவி-க்குப் பின் வரும் நீண்ட அசதி பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் ஈபிவி, க்யூ காய்ச்சல், ராஸ் ரிவர் வைரஸ் வந்த 253 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள், 2006-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்தும் முடக்கும் அசதியோடு இருந்தவர்கள் 12 சதவீதம், மூன்று கிருமிக்கும் ஏறக்குறைய ஒரே போல. அசதி யாருக்கு நீளும் என்பதை ஆரம்ப நோயின் கடுமைதான் காட்டியது. ஆகவே அசதி மெய்யானது, அதை அளக்கும் கருவி மட்டும் ஐஜிஜி இல்லை. "ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை" என்று அவரை அனுப்பிவிடுவதும் அதே அளவு தவறு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மாதக்கணக்கில் காய்ச்சல், கல்லீரலும் மண்ணீரலும் வீக்கம், அணுக்கள் குறைவு என்றால் அது வேறு நோய். ஜப்பானில் அதிகம் விவரித்திருக்கிறார்கள். அங்கே ஆன்டிபாடியோடு நிற்காமல் ரத்தத்தில் ஈபிவி டிஎன்ஏ அளவைப் பிசிஆரில் பார்த்து, ரத்தநோய் மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும். உறுப்புமாற்று செய்தவர்களுக்கும் பிசிஆர்தான், ஏனென்றால் அவர்கள் உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கும் என்று நம்ப முடியாது.

#15 ஊர்_லேப்

இங்கே படித்ததை வைத்துக் குறிப்பு வரிகளைத் தயார் செய்திருக்கிறேன். பழைய தொற்றுக்கு: "விசிஏ ஐஜிஜி, ஈபிஎன்ஏ ஐஜிஜி இருக்கின்றன, விசிஏ ஐஜிஎம் இல்லை. முன்பு எப்போதோ ஏற்பட்ட தொற்றைக் காட்டுகிறது. தற்போதைய அறிகுறிகளுக்கு இதைக் காரணமாகக் கொள்ள முடியாது." விசிஏ ஐஜிஜி மட்டும் இருந்தால்: "தொற்றின் காலத்தை இந்தச் சாம்பிளில் சொல்ல இயலவில்லை. அவிடிட்டி, அல்லது 4 வாரம் கழித்து மறு சாம்பிள்." சரியா?

#16 சீரம்_மேசை

முதல் வரியில் ஒரே திருத்தம்: "காரணமாகக் கொள்ள முடியாது" என்பதை "காரணம் என்று இது நிறுவவில்லை" என்று மாற்றுங்கள். மூன்று, நான்கு மாதத்துக்கு முன் தொற்றி அசதி நீள்கிறவருக்கும் இதே கலவைதான் வரும், அவர் வாயை அடைத்துவிடக் கூடாது. அதோடு எந்தக் கிட், எந்த வரம்பு, அறிகுறி தொடங்கி எத்தனையாம் நாள் என்பதையும் அச்சிடுங்கள்.

#17 எலிசா_வாஷர்

மறு சாம்பிள் கேட்கிறீர்கள் என்றால் முதல் சீரத்தில் 500 மைக்ரோலிட்டரை அன்றே இரண்டு குட்டிக் குழாயில் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள். ஒன்றை இளக்கினாலும் மற்றது தொடாமல் இருக்கும். தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டு வேண்டாம், அது தினமும் இளக்கி உறையவைக்கும்.

#18 ஊர்_லேப்

திருத்திவிட்டேன். இங்கே இருப்பது தானாகப் பனி உருக்கும் வகைதான். நாளை முதல் மிச்சச் சீரத்தைப் பக்கத்து ரத்த வங்கியின் ஃப்ரீசரில் வைக்கக் கேட்டிருக்கிறேன்.